பேனல் புதுசு, பாக்ஸ் பழசு: டி.வி. வாங்குவோர் கேள்வி பதில்

‘டி.வி. வாங்கப் போகிறவர்கள் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்’ என்று போன இதழில் ஓரத்தில் இரண்டு வரி போட்டதற்கே கட்டுக் கட்டாகக் கடிதம் வந்துவிட்டது. நான் பிக்சர் டியூப் காலத்திலிருந்து டி.வி. ரிப்பேர் பார்க்கிறவன், எந்தக் கடையிலும் எனக்குக் கமிஷன் கிடையாது. அதனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

தீபாவளிக்கு 55 இன்ச் 4கே டி.வி. வாங்கினோம். கடையில் பார்த்தபோது கிளி, அருவி, பழக்கூடை எல்லாம் கையால் தொட்டுவிடலாம் போல இருந்தது. வீட்டில் சீரியல் போட்டால் முகத்துக்கெல்லாம் எண்ணெய் தடவின மாதிரி மங்கல். பழைய 32 இன்ச்சே தேவலை என்று மாமியார் தினமும் சொல்லிக் காட்டுகிறார். டி.வி.யில் கோளாறா, நாங்கள் ஏமாந்துவிட்டோமா?
(வாசகி, கும்பகோணம்)

கோளாறும் இல்லை, ஏமாறவும் இல்லை. ஆனால் உங்கள் மாமியார் சொல்வது நூற்றுக்கு நூறு சரி, அதை முதலில் அவரிடம் ஒத்துக்கொண்டுவிடுங்கள்.

விஷயம் இதுதான். சாதாரண கேபிள் சேனல், அதாவது எச்.டி. இல்லாதது, ஒரு படத்தை 720-க்கு 576 புள்ளிகளில் அனுப்புகிறது. பெருக்கிப் பாருங்கள், சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம் புள்ளி. உங்கள் 4கே திரையில் இருப்பது 3840-க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். சரியாக இருபது மடங்கு. வருகிற ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு மீதிப் பத்தொன்பதை டி.வி.யே யோசித்து நிரப்ப வேண்டும். ஒரு டம்ளர் பாலில் பத்தொன்பது டம்ளர் தண்ணீர் விட்டு இருபது பேருக்குக் காப்பி போட்ட கதைதான். பழைய 32 இன்ச் எச்.டி. ரெடி டி.வி.யில் இரண்டரை மடங்கு நிரப்பினால் போதும், திரையும் சின்னது, அதனால் குறை கண்ணில் படவில்லை. கடையில் ஓடின கிளியும் அருவியும் கம்பெனிக்காரர்களே 4கே-யில் எடுத்துத் தருகிற படம், அதில் எந்த டி.வி.யும் அழகாகத்தான் தெரியும்.

இப்போது செய்ய வேண்டியது. டி.வி.க்குப் பின்னால் போய் செட்டாப் பாக்ஸிலிருந்து என்ன ஒயர் வருகிறது என்று பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று கொண்டை வைத்த ஒயராக இருந்தால் பாதிப் பிரச்னை அங்கேயே இருக்கிறது. நான் போன ஒரு வீட்டில் அறுபதாயிரம் ரூபாய் டி.வி., பாக்ஸும் எச்.டி. பாக்ஸ்தான், ஆனால் மாட்டிவிட்டுப் போன பையன் பழைய மஞ்சள் ஒயரையே எடுத்துச் சொருகியிருக்கிறான். எச்.டி. படத்தைக் குறையாமல் கொண்டுவருகிற எச்.டி.எம்.ஐ. ஒயர் அட்டைப் பெட்டிக்குள் சின்னக் கம்பி முறுக்கு கூடப் பிரிக்காமல் எட்டு மாதமாக லாஃப்டில் கிடந்தது. அதை எடுத்து மாட்டின அஞ்சாவது நிமிஷம் அந்த வீட்டுப் பாட்டி, “ஐயோ, அந்தப் பொண்ணு மூக்குத்தி போட்டிருக்கா!” என்றார். அதுவரை அவருக்கு மூக்குத்தி தெரியவே இல்லை.

உங்களுடையது பழைய பாக்ஸ் என்றால் கேபிள்காரரிடம் எச்.டி. பாக்ஸ் கேளுங்கள். பாக்ஸ் மாறினால் மட்டும் போதாது, எச்.டி. சேனலுக்குத் தனி நம்பர், தனிப் பேக்கேஜ். பாதிப் பேர் எச்.டி. பாக்ஸில் பழைய நம்பரையே தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாக்ஸின் செட்டிங்ஸில் வீடியோ அவுட்புட் 1080 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாக, டி.வி.யில் ‘ஷார்ப்னஸ்’ என்று ஒன்று இருக்கும், அதைக் கூட்டினால் தெளிவாகும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், உண்மையில் அது ஓரங்களில் வெள்ளைக் கோடு போட்டு இருக்கிற கறையை இன்னும் எடுத்துக் காட்டும். குறையுங்கள். எச்.டி. பதிப்பே இல்லாத சேனலுக்கு இதற்கு மேல் வைத்தியம் இல்லை, இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பதுதான்.

எங்கள் ஹால் 10-க்கு 12. சோபாவிலிருந்து டி.வி. சுவருக்கு 8 அடி. கணவர் 65 இன்ச் என்கிறார், நான் 43 போதும் என்கிறேன். பஞ்சாயத்துத் தீர்த்து வையுங்கள்.
(வாசகி, ஈரோடு)

தீர்ப்பு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். 4கே படத்தை முழுசாக ரசிக்க, திரையின் மூலைக்கு மூலை அளவைப் போல ஒன்றே கால் மடங்கிலிருந்து ஒன்றரை மடங்கு தூரத்தில் உட்கார வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 65 இன்ச்சுக்கு ஒன்றரை மடங்கு என்றால் கிட்டத்தட்ட 8 அடி. ஆகக் கணக்குப்படி உங்கள் வீட்டுக்காரர் ஜெயித்துவிட்டார். ஆனால் அது ஓ.டி.டி.யில் நல்ல படம் மட்டும் பார்க்கிறவர்களுக்கான கணக்கு. பகல் முழுக்க சாதாரண கேபிளும் ஓடுகிற வீட்டில் அதே 65 கும்பகோணத்து மாமியார் கதையாகிவிடும். நான் 55 என்பேன்.

வாங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். பழைய தினசரிப் பேப்பரை எடுத்து, முழுப் பக்கமாக மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து சுவரில் டேப் போட்டு ஒட்டினால் ஏறக்குறைய அதுதான் 43 இன்ச். 55 என்பது நாலடி அகலம், இரண்டே கால் அடி உயரம். 65 என்பது நாலே முக்கால் அடி அகலம், உயரம் இரண்டே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு. பேப்பரை ஒட்டி இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். கதவு இடிக்கிறதா, ஜன்னல் வெளிச்சம் நேராக அதன் மேல் விழுகிறதா, காலண்டரை எங்கே மாட்டுவது என்று எல்லாம் தெரிந்துவிடும்.

பழைய குண்டு டி.வி.யைக் கொடுத்துவிட்டு வாங்குகிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. அந்த 29 இன்ச் திரையின் உயரம் பதினாறு இன்ச்சுக்கு மேல். இப்போதைய 32 இன்ச்சின் உயரம் பதினாறுக்கும் குறைவு. அது சதுரத்துக்குக் கிட்ட, இது நீட்டம். 29-ஐக் கொடுத்து 32 வாங்கி ‘படம் சின்னதாயிடுச்சே’ என்று புலம்புகிறவர்கள் இதனால்தான்.

மாட்டுகிற உயரத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் டி.வி.யைச் சாமி படத்துக்குச் சமமாக மாட்டுகிற வழக்கம் எப்படி வந்ததோ தெரியவில்லை, அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொள்கிறது. உட்கார்ந்தால் கண் எங்கே இருக்கிறதோ, திரையின் நடு அங்கே இருக்க வேண்டும். சோபா என்றால் தரையிலிருந்து மூன்றரை அடி. குடும்பமே பாய் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிற வீடு என்றால் இன்னும் ஓரடி கீழே. சின்னக் குழந்தை இருக்கிறது, கை வைத்துவிடும் என்றால் கொஞ்சம் உயர்த்தலாம், அப்போது முன்பக்கம் சாய்க்கிற மாதிரி மவுண்ட் கேட்டு வாங்குங்கள். சுவரில் ஈரம் ஊறுகிறதா என்று பார்க்காமல் ட்ரில் போட விடாதீர்கள். ஈரச் சுவரில் ரால் பிளக், அதாவது திருகைப் பிடிக்க ஓட்டைக்குள் வைக்கிற பிளாஸ்டிக் குழாய், பிடிக்காது.

ஓ.எல்.இ.டி., கியூ.எல்.இ.டி., மினி எல்.இ.டி. எல்லாம் ஒன்றா, வேறா? கியூவும் ஓவும் எழுத்து மாதிரியே விலையும் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

தம்பி, அந்த எழுத்து ஒற்றுமையில்தான் பல பேர் ஏமாறுகிறார்கள். கியூ.எல்.இ.டி. என்பது சாதாரண எல்.சி.டி. குடும்பம்தான். பின்னால் எல்.இ.டி. விளக்கு, முன்னால் எல்.சி.டி., நடுவில் நிறத்தைச் சுத்தமாக்க குவாண்டம் டாட் என்கிற ஒரு படலம். நிறம் நன்றாக இருக்கும், ஆனால் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் கருப்பு முழுக் கருப்பாக வராது, இருட்டு அறையில் பார்த்தால் கரும் சாம்பல். மினி எல்.இ.டி. அதே சங்கதி, ஆனால் பின்னால் பொடிப் பொடியாக நிறைய விளக்கு, வேண்டாத இடத்தில் மட்டும் அணைத்துக்கொள்ளும். அதனால் கருப்பு நிறம் தேறும். ஓ.எல்.இ.டி.க்குப் பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். ராத்திரிக் காட்சிக்கு அதை அடிக்க ஆள் இல்லை.

அப்படியானால் ஓ.எல்.இ.டி. வாங்கலாமா? வீட்டில் யார் அதிகம் பார்க்கிறார்கள் என்று சொல்லுங்கள். அப்பா காலை ஆறு மணிக்கு நியூஸ் சேனல் போட்டுவிட்டு ராத்திரிதான் அணைப்பார் என்றால் வேண்டாம். கீழே ஓடுகிற பட்டையும் மூலையில் இருக்கிற சேனல் முத்திரையும் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் எரிந்தால் அந்தப் புள்ளிகள் மட்டும் சீக்கிரம் தேய்ந்து, வேறு படம் போடும்போதும் நிழல் மாதிரி நிற்கும். படமும் கேமும் மாற்றி மாற்றிப் பார்க்கிற வீட்டுக்கு அந்தப் பயம் குறைவு.

அப்புறம் யாரும் கேட்காத ஒன்று. எல்.சி.டி. பேனலிலேயே, அதாவது திரையிலேயே, ஐ.பி.எஸ்., வி.ஏ. என்று இரண்டு வகை. ஐ.பி.எஸ்.ஸில் பக்கவாட்டில் உட்கார்ந்தாலும் நிறம் மாறாது, ஆனால் கருப்பு கொஞ்சம் வெளிறும். வி.ஏ.வில் நேரே பார்த்தால் கருப்பு ஆழமாக இருக்கும், ஓரமாகப் போனால் படம் வெளுக்கும். கடையில் சேல்ஸ்மேனைக் கேட்டால் பெரும்பாலும் தெரியாது. நீங்களே டி.வி.க்கு நேரே நின்று, கருப்பு முடி, கருப்புக் கோட்டு வருகிற காட்சியைப் பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் ஐந்தடி நடங்கள். கருப்பு சாம்பலானால் வி.ஏ. என்று வைத்துக்கொள்ளலாம். தாத்தா ஊஞ்சலில், அம்மா சமையலறை வாசலில், பாட்டி மூலையில் என்று எல்லாத் திசையிலிருந்தும் பார்க்கிற ஹாலுக்கு ஐ.பி.எஸ். நல்லது. நேரே ஒரு கட்டில் போட்ட பெட்ரூமுக்கு வி.ஏ.

புதுப் படம் போட்டால்கூட சீரியல் மாதிரியே தெரிகிறது, ஏதோ வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஏன்?
(வாசகர், சேலம்)

சினிமா நொடிக்கு 24 படம். டி.வி. தன் புத்திசாலித்தனத்தைக் காட்ட நடுவில் தானாகச் சில படங்களைச் செய்து சொருகுகிறது, அந்த வழுக்கல் அதுதான். கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: சாம்சங் ‘ஆட்டோ மோஷன் ப்ளஸ்’, எல்.ஜி. ‘ட்ரூமோஷன்’, சோனி ‘மோஷன்ஃப்ளோ’. பிக்சர் செட்டிங்ஸுக்குள் தேடி அணையுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைப் போட்டாலே அணைந்துவிடும். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் விட்டு வையுங்கள், பந்து தெளிவாகத் தெரிகிறது என்று என் வீட்டிலேயே ஒருவர் சண்டை போடுகிறார்.

கடையில் வாங்குவதா, ஆன்லைனிலா? ஆன்லைனில் நாலாயிரம் குறைவாக இருக்கிறது. ஜி.எஸ்.டி. குறைந்தது என்கிறார்களே, அது எல்லா டி.வி.க்குமா?
(வாசகர், மதுரை)

ஜி.எஸ்.டி.யை முதலில் முடித்துவிடலாம். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டி.வி.க்கு 28 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. 32-ம் அதற்குக் கீழும் முன்பே 18 தான், அதில் மாற்றம் இல்லை. ‘32 இன்ச்சுக்கும் வரி குறைஞ்சிருக்கு சார், ஸ்பெஷல் விலை’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

நாலாயிரம் பெரிய பணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே கம்பெனி, ஒரே 43 இன்ச், மாடல் நம்பரில் ஒரு எழுத்து மட்டும் வேறு என்று இரண்டு டி.வி. இருக்கும். ஒன்றில் போர்ட் ஒன்று குறைவு, அல்லது மெமரி குறைவு. விலையை ஒப்பிடும்போது மாடல் நம்பரைக் கடைசி எழுத்து வரை எழுதிக்கொண்டு ஒப்பிடுங்கள். இரண்டாவது, உங்கள் ஊரில் அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் ஆள் உண்டா? மதுரையில் இருப்பார், உசிலம்பட்டி தாண்டினால் ‘நாளைக்கு வர்றோம்’ என்று இழுப்பார்கள். வாங்கும் முன் டோல் ஃப்ரீ நம்பருக்கு போன் போட்டு உங்கள் பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள், இது காசில்லாத வேலை.

கடைக்குப் போனால் ஒரு பென் டிரைவில் உங்கள் மொபைலில் எடுத்த வீட்டு வீடியோ இரண்டைப் போட்டுக்கொண்டு போங்கள். குழந்தை முகம், அம்மா பட்டுப்புடவை, இது போதும். கடையில் எல்லா டி.வி.யும் ‘விவிட்’ மோடில் கண்ணைக் கூச வைத்துக்கொண்டிருக்கும். ‘ஸ்டாண்டர்ட்’ அல்லது ‘சினிமா’ மோடுக்கு மாற்றச் சொல்லி உங்கள் வீடியோவைப் போடச் சொல்லுங்கள். அம்மா முகம் உங்களுக்குத் தெரியும், கிளியின் நிஜ நிறம் உங்களுக்கும் தெரியாது, சேல்ஸ்மேனுக்கும் தெரியாது.

ஸ்மார்ட் டி.வி. வாங்கி இரண்டு வருஷம்தான், ஆப் திறக்கவே காப்பி குடித்துவிட்டு வரலாம். மாற்றிவிடவா?
(வாசகர், கோவை)

படம் நன்றாக இருக்கிறதல்லவா, அப்புறம் ஏன் மாற்றுகிறீர்கள்? மூளைதான் கிழடு தட்டியிருக்கிறது. ஒரு ஜி.பி. மெமரி வைத்துக் கொடுத்த டி.வி.களுக்கெல்லாம் இதே கதிதான், ஆப்புகள் வருஷா வருஷம் கனத்துக்கொண்டே போகின்றன. பின்னால் எச்.டி.எம்.ஐ.யில் சொருகுகிற ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று வாங்கி மாட்டுங்கள். வாங்கப் போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: காசைப் பேனலுக்குக் கொடுங்கள், ஸ்மார்ட்டுக்காக அதிகம் கொடுக்காதீர்கள்.

அப்பாவுக்கு 74 வயது. புது டி.வி.யில் பாட்டு கேட்கிறது, பேச்சுப் புரியவில்லை என்கிறார். சத்தத்தைக் கூட்டினால் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள்.
(வாசகி, நாகர்கோவில்)

டி.வி. ஒல்லியாக ஒல்லியாக ஸ்பீக்கருக்கு இடமில்லை. பெரும்பாலும் அடியில் வைத்து, சத்தம் தரையைப் பார்த்துப் போகிறது. பழைய டி.வி.யில் ஸ்பீக்கர் முகத்துக்கு நேரே இருந்தது. முதலில் சவுண்ட் செட்டிங்ஸில் ‘கிளியர் வாய்ஸ்’ அல்லது ‘டயலாக்’ என்று இருக்கிறதா பாருங்கள், செலவில்லாமல் முடியலாம். போதாது என்றால் சாதாரண சவுண்ட்பார். டி.வி.யில் ஏ.ஆர்.சி. என்று எழுதின எச்.டி.எம்.ஐ. ஓட்டை எதுவோ அதில்தான் மாட்ட வேண்டும், வேறு ஓட்டையில் மாட்டிவிட்டு சத்தமே வரவில்லை என்று என்னைக் கூப்பிட்ட வீடுகள் பல. மாட்டினால் அப்பா ஒரே ரிமோட்டில் சத்தம் வைத்துக்கொள்ளலாம். அப்புறம், ஒரு தடவை காது டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

மின்னல் அடித்தால் சுவிட்சை அணைத்தால் போதுமா? ஸ்டெபிலைசர் வேண்டுமா?
(வாசகர், புதுக்கோட்டை)

போதாது. பிளக்கைப் பிடுங்க வேண்டும். அதோடு கேபிள் ஒயரையும். ஐப்பசி மழையில் எனக்கு வருகிற டி.வி.களில் பாதி கரண்ட் வழியாகப் போனவை இல்லை. மின்னல் கேபிள் ஒயரில் ஏறி, செட்டாப் பாக்ஸுக்குள் புகுந்து, எச்.டி.எம்.ஐ. வழியாக டி.வி. போர்டைத் தொட்டிருக்கும். டி.வி. எரியும், மெனு வரும், ஆனால் பாக்ஸ் மாட்டின ஓட்டை மட்டும் செத்திருக்கும். டி.வி.க்குச் சொந்தக்காரர் ‘நான் மெயினையே ஆஃப் பண்ணியிருந்தேனே’ என்று சத்தியம் செய்வார், அவர் சொல்வது உண்மைதான்.

ஸ்டெபிலைசரைப் பொறுத்தவரை இப்போதைய டி.வி.களில் பெரும்பாலானவை 100 வோல்ட்டிலிருந்து 240 வரை தாங்குகிற மாதிரி வருகின்றன, பின்னால் ஸ்டிக்கரில் போட்டிருக்கும். உங்கள் தெருவில் 260, 270 என்று எகிறுகிற பழக்கம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பேரன் பேட்டை வீசியதில் திரையில் சிலந்தி வலை மாதிரி விரிசல். டி.வி. வாங்கி நாலு மாதம். வாரன்டி உண்டா?
(வாசகர், திருவள்ளூர்)

இல்லை. உடைந்த பேனலுக்கு வாரன்டி கிடையாது, புதுப் பேனல் போடும் செலவு டி.வி. விலையில் பாதிக்கு மேல் வரும், பல மாடலில் புதுசே வாங்கிவிடலாம் என்ற கணக்குக்கு வந்துவிடும். வாங்கும்போது உடைவதற்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறீர்களா என்று பில்லைப் பாருங்கள். ‘எக்ஸ்டெண்டட் வாரன்டி’ வேறு, அது உடைவதற்கு ஆகாது.

இனி வாங்குகிறவர்கள், டெலிவரிப் பையன் நிற்கும்போதே பெட்டியைப் பிரித்து, முழுத் திரையும் எரிவதை மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் கொண்டுவந்தால் படுக்கப் போட்டுக் கொண்டுவர விடாதீர்கள், நிறுத்தித்தான் வர வேண்டும். தூக்கும்போது திரையின் நடுவில் விரல் அழுந்தக் கூடாது. துடைக்க மூக்குக்கண்ணாடித் துணி போதும், கண்ணாடி துடைக்கிற நீலத் தண்ணீரை அடித்தால் திரையின் மேல் பூச்சு போய்விடும்.

2006-ல் ஆரம்பித்த இலவச கலர் டி.வி. திட்டத்தில் கிடைத்த 14 இன்ச் டி.வி. இன்னும் ஓடுகிறது. அம்மா அதை விடமாட்டேன் என்கிறார். புதுசு வாங்கித் தந்தால் பார்க்க மறுக்கிறார். என்ன செய்வது?
(வாசகர், விழுப்புரம்)

ஓடட்டுமே. சாதாரண கேபிள் படத்துக்கு அந்தக் குண்டு டி.வி.தான் பொருத்தம், அது வந்ததே அந்த 576 கோட்டுக்காகத்தான். இங்கே மஞ்சள் ஒயர்தான் சரி, மாற்ற வேண்டாம். புதுசை ஹாலில் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், பழசை அம்மா கட்டில் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ரிமோட் போய்விட்டது என்றால் ரேடியோ கடையில் எல்லா டி.வி.க்கும் பொதுவான ரிமோட் நூறு, நூற்றைம்பதுக்குக் கிடைக்கும், பழசைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரரே பொருத்தம் பார்த்துக் கொடுப்பார்.

ஒன்று மட்டும் கவனம். அது உட்கார்ந்துவிட்டால் காயலான் கடையில் போட்டு உடைக்க விடாதீர்கள், பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மின்கழிவு எடுக்கிறவர்களிடம் முழுசாகக் கொடுங்கள். அதுவரை மேலே போட்டிருக்கிற குரோஷா துணியை மட்டும் டி.வி. ஓடும்போது எடுத்துவிடச் சொல்லுங்கள் அம்மாவிடம், பின்பக்க ஓட்டைகள் வழியாகத்தான் அதற்குச் சூடு வெளியே போக வேண்டும்.